கப்பற் சுற்றுலாவும் கரைப்பயணமும்: அம்பாந்தோட்டையிலிருந்து மீரியபெத்த வரை

நம் கல்லூரியின் பழைய மாணவர்கள் இன்று பல நாடுகளிலும் பரந்து வாழ்கின்றனர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், மக்களோடும் பேரப்பிள்ளைகளோடும் கப்பலேறிச் சில நாட்கள் கடலில் உலாவி வருதல் அவர்களிடையே வழக்கமாகி வருகின்றது. முன்னாளிற் பெருஞ் செல்வர்க்கே உரியதாயிருந்த இவ்வின்பம் இப்பொழுது நடுத்தரக் குடும்பத்தார்க்கும் எட்டுவதாயிற்று. ஆயினும், கப்பல் துறையிற் கட்டப்பட்டதும் கரையிறங்கிக் கழிக்கும் அந்த ஒரு பகற்பொழுதை எவ்வாறு ஒழுங்கு செய்வதென்பதை முன்கூட்டியே சிந்திப்பவர் சிலரே. அதனாற் பலர் பணத்தையும் இழந்து, காண வேண்டியதையும் காணாது திரும்புகின்றனர்.

கரைப்பயணத்தைத் திட்டமிடும் முறையையும், அதிற் செலவைக் குறைக்கும் வழிகளையும் இக்கட்டுரையிலே கூற விரும்புகின்றோம். பொதுப்படக் கூறுவதைவிட ஓர் உதாரணத்தைக் கொண்டு விளக்குவது நன்று. அம்பாந்தோட்டைத் துறைமுகத்திலே இறங்கி, ஊவா மலைச்சாரலிலுள்ள கொஸ்லந்தைக்கும் அதனையடுத்த மீரியபெத்தவிற்கும் போய்வரும் ஒரு நாட் பயணத்தையே உதாரணமாகக் கொள்வோம். இதனைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணமுண்டு. நம்முட் பலர்க்கு அம்மலைச்சாரல் வெறுங் காட்சியன்று. பெற்றோர் பிறந்த மண், பாட்டனும் பாட்டியும் அடங்கிய மண்.

முன்னோர் ஏறிய கப்பல்

மலைநாட்டுத் தோட்ட மக்களுக்குக் கடற்பயணம் புதியதன்று. 19-ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து வந்தவர்கள், தோணிகளிலே மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாய் நடந்தனர். 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே ரயிலோடிணைந்த கப்பற் சேவை தொடங்கியது. மண்டபம் முகாமில் நாட்கணக்கிற் காத்திருந்து, தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகர வில்லையைக் கொண்டு அவர்கள் கப்பலேறினர். அப்பயணத்தின் செலவு அவர்கள் பெயரிலே கடனாக எழுதப்பட்டது. எவ்வளவு செலவு, எவ்வளவு கடன் என்று கணக்குப் பார்க்கும் நிலையில் அவர்களுட் பெரும்பாலார் இருக்கவில்லை.

1964 ஒக்டோபர் 30-இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்வதென முடிவாயிற்று. அவ்வாண்டு டிசெம்பரில் வீசிய புயலினால் தனுஷ்கோடி அழிந்தபின், தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கே கப்பல் ஓடியது. ஊவாத் தோட்டங்களிலிருந்து ரயிலேறிச் சென்று அக்கப்பலில் அழுதுகொண்டே ஏறியவர்களின் பிள்ளைகள் இன்று நீலகிரியிலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும் வாழ்கின்றனர். 1980-களில் போரினால் அச்சேவை நின்றுபோயிற்று. அன்று கடனெழுதி வந்தவர்களின் பேரர்கள் இன்று தம் பணத்திலே, தம் விருப்பத்துக்குக் கப்பலேறி வரக்கூடியவராயினர். ஆதலால் அவர்களேனும் கணக்குப் பார்த்துப் பயணஞ் செய்தல் வேண்டும்.

இக்காலக் கப்பல்கள்

2023 யூன் மாதத்திற் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல், அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைகளையும் தொட்டுச் சென்றது. அதே ஆண்டு ஒக்டோபர் 14-இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்குமிடையே பயணிகள் கப்பற் சேவை தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்ட் 16-இல் மீண்டும் ஆரம்பமாயிற்று. முன்னது உண்டு உறங்கி உலாவி வரும் சுற்றுலாக் கப்பல். பின்னது சில மணி நேரத்திற் கடலைக் கடத்திவிடும் போக்குவரத்துக் கப்பல். இவ்விரண்டின் வேறுபாட்டையும் பயணி முதலில் உணர வேண்டும். ஊவாவிற் சில நாட்கள் தங்க விரும்புவார்க்குப் பின்னதே ஏற்றது. ஒரு பகலே போதும் என்பார்க்கு முன்னது பொருந்தும். எக்கப்பல் எம்மாதத்தில் எத்துறையைத் தொடும் என்பது ஆண்டுக்காண்டு மாறுவதாதலால், பணங் கட்டுமுன் அவ்வாண்டின் அட்டவணையை வாங்கிப் பார்த்தல் வேண்டும்.

காலமே முதல்

கரைப்பயணத்தில் நாம் செலவிடும் முதற்பொருள் பணமன்று, காலமே. கப்பல் துறையில் நிற்கும் நேரம் முழுவதும் நம்முடையதென எண்ணுதல் பெருந்தவறு. காலை 8 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குப் புறப்படுமென அட்டவணையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து மணி நேரம் கிடைத்ததென்று மகிழலாகாது. குடிவரவுச் சோதனை முடிந்து, துறைமுக வாயிலைக் கடந்து, வண்டியில் அமர்வதற்கு 9 மணியாகிவிடும். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக, அதாவது 5 மணிக்கு, யாவரும் கப்பலில் இருத்தல் வேண்டும். வழியிலே சில்லு காற்றுப் போதலும், பாதை அடைபடுதலும், குழந்தைகளின் களைப்பும் உண்டாகலாம். இவற்றுக்கென ஒன்றரை மணி நேரத்தை ஒதுக்கிவைப்பது அறிவுடைமை. எனவே 3.30 மணிக்குத் துறைமுக வாயிலுக்குத் திரும்பிவிட வேண்டும். எஞ்சுவது ஆறரை மணி நேரமே. இந்த ஆறரை மணியே நம் கையிருப்பு. இதற்குட்பட்டே யாவற்றையும் திட்டமிடுதல் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். கப்பற் கம்பெனியார் தாமே நடத்தும் கரைப்பயணத்தில் சென்று தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாக வண்டி பிடித்துச் சென்று தாமதித்தாற் கப்பல் காத்திராது. அடுத்த துறைக்குத் தரைவழியே ஓடிச் செல்லும் செலவு, ஆண்டு முழுதும் மிச்சம் பிடித்ததை ஒரே நாளில் விழுங்கிவிடும். ஆகவே துறைக்கு அண்மையிலுள்ள இடங்களுக்குச் சொந்த ஏற்பாட்டிலும், தொலைவிலுள்ள இடங்களுக்குக் கப்பலாரின் ஏற்பாட்டிலோ மிகுந்த கால இடைவெளியுடனோ செல்வதே பொது விதி.

மூன்று துறைகள்

இவ்விதியை இலங்கையின் மூன்று துறைகளுக்கும் பொருத்திப் பார்ப்போம். காங்கேசன்துறையில் இறங்குவார்க்கு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும், கீரிமலை நகுலேசுவரமும் மிக அண்மையில் உள்ளன. நல்லூரும் யாழ்ப்பாண நகரமும் 20 கிலோ மீட்டருக்குட்பட்டவை. திருகோணமலையில் இறங்குவார்க்குக் கோணேசர் கோயில் நகரின் கோட்டைக்குள்ளேயே இருக்கின்றது. கன்னியா வெந்நீரூற்றுக்களும் தொலைவிலில்லை. இவ்விரு துறைகளிலும் கப்பலாரின் பயணச்சீட்டை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. முச்சக்கர வண்டியோ பஸ் வண்டியோ போதும். தவறினாலும் நடந்தே திரும்பிவிடலாம் என்று சொல்லத்தக்க அளவுக்கு அண்மையில் தரிசனம் கிடைக்கின்றது.

அம்பாந்தோட்டையின் நிலைமை வேறு. 2010-இல் திறக்கப்பட்ட அத்துறைமுகத்தைச் சுற்றிக் காண்பதற்குரியவை சிலவே. காணத்தக்கவை யாவும் உள்நாட்டில் உள்ளன. கதிர்காமம் ஏறக்குறைய 50 கிலோ மீட்டர் தொலைவிலுள்ளது. ஊவா மலைகளோ அதனினும் இருமடங்கு தொலைவு. ஆதலாற் சிந்தித்துத் தெரிதல் இத்துறையிலேதான் மிகவும் வேண்டப்படுவது.

கடற்கரையிலிருந்து மலைக்கு

கொழும்பிலிருந்து காலி வழியாக வரும் நெடுஞ்சாலை அம்பாந்தோட்டையைக் கடந்து, தணமல்வில வழியே வடக்கு நோக்கிச் சென்று வெல்லவாயவில் முடிகின்றது. அம்பாந்தோட்டையிலிருந்து வெல்லவாய சுமார் 80 கிலோ மீட்டர். சமநிலமும் காடும் வயலுமாகக் கிடக்கும் வழியிது. வெல்லவாயவிற் பாதை இரண்டு கைகளாகப் பிரிகின்றது. ஒரு கை இராவணா நீர்வீழ்ச்சியைக் கடந்து 27 கிலோ மீட்டர் ஏறி எல்லவை அடைகின்றது. மற்றக் கை மேற்கே கொஸ்லந்தை, பெரகலை வழியாக அப்புத்தளைப் பக்கம் ஏறுகின்றது.

பலர் தவறுவது இச்சந்தியிலேதான். எல்லவையும், தெமோதரைக்கு அண்மையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தையும், தியலும நீர்வீழ்ச்சியையும், அப்புத்தளைக்கு அப்பாலுள்ள லிப்டன் சிகரத்தையும் ஒரே நாளிற் பார்த்துவிடலாமெனத் திட்டமிட்டு, வண்டிக்குள்ளேயே நாளைக் கழித்துவிடுகின்றனர். கைகள் இரண்டில் ஒன்றையே தெரிந்துகொள்ள வேண்டும். லிப்டன் சிகரத்தைக் கப்பற் பயணிகள் அறவே விட்டுவிடலாம். அங்கே விடியற்காலையிற் காட்சி தெளிவு. முற்பகலிலேயே முகில் மூடிக்கொள்ளும்.

எல்லவைத் தெரிந்தால், 1921-இற் கட்டி முடிக்கப்பெற்ற ஒன்பது வளைவுப் பாலத்தைக் காணலாம். 91 மீற்றர் நீளமும் 24 மீற்றர் உயரமும் கொண்ட அது, மலைநாட்டுப் புகையிரதப் பாதையின் அணிகலன். கொஸ்லந்தைக் கையைத் தெரிந்தால், வெல்லவாயவிலிருந்து சுமார் 13 கிலோ மீட்டரில், சாலையோரத்திலேயே 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் தியலும நீர்வீழ்ச்சியைக் கண்டு மகிழலாம். பூனாகலை ஓயாவின் நீரே அது. சாலையிலிருந்தே நன்கு தோன்றுதலால் கட்டணமுமில்லை, காலச் செலவுமில்லை. மலையுச்சியிலுள்ள நீர்த்தடாகங்களுக்கு ஏறுவது கப்பற் பயணிகளுக்கு ஏற்றதன்று. அங்கிருந்து சிறிது தூரத்திற் கொஸ்லந்தைக் கடைவீதி வந்துவிடும்.

அம்பாந்தோட்டையிலிருந்து கொஸ்லந்தைக்குச் செல்ல இரண்டரை மணி நேரமும் திரும்ப அவ்வளவுமாக ஐந்து மணி போக, நம் கையிருப்பில் ஒன்றரை மணி எஞ்சும். அதில் அரைமணி தியலுமவுக்கு, ஒரு மணி மீரியபெத்தவிற்கு. இதற்கு மேல் ஓரிடமும் கூட்டலாகாது. துறைமுகத்தில் கப்பல் நிற்கும் நேரம் இதனினும் குறுகியதாயின், மலைப்பயணத்தைக் கைவிட்டுக் கதிர்காமத்தோடு அமைதல் வேண்டும். அங்கும் பூசை வேளையை முன்னரே கேட்டறிந்து செல்ல வேண்டும். நடை சாத்திய வேளையிற் போய் நின்று திரும்புவது வீண்.

பருவமும் கவனிக்கத்தக்கது. ஒக்டோபர் முதல் சனவரி வரை ஊவாவிற் பெருமழைக் காலம். நீர்வீழ்ச்சி நிறைந்து காணும். ஆனால் மண்சரிவு அபாயமும் அப்பொழுதே மிகுதி. 2025 நவெம்பர் இறுதியில் வந்த டித்வா புயலினால் மலைநாட்டின் பல இடங்களில் மண்சரிந்து, உயிர்கள் மாய்ந்து, சாலைகளும் புகையிரதப் பாதையும் சிதைவுற்றன. மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருக்கும் நாளில், எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் மலையேறலாகாது.

செலவைக் குறைக்கும் வழிகள்

முதலாவது, பலர் சேர்ந்து செல்லுதல். கப்பலார் தலைக்கு இவ்வளவென வாங்குவர். வான் வண்டிக்காரரோ வண்டிக்கு இவ்வளவென வாங்குவார். உதாரணமாக, கப்பலாரின் கட்டணம் தலைக்கு 80 டொலர் எனவும், ஒரு நாளைக்கு வான் வாடகை 160 டொலர் எனவும் கொள்வோம். இருவர் மட்டும் சென்றால் இரண்டும் சமம். எண்மர் கூடிச் சென்றால் தலைக்கு 20 டொலரே ஆகும். பழைய மாணவர்கள் கூட்டமாகக் கப்பலேறுவதன் நன்மை இங்கே விளங்கும்.

இரண்டாவது, வாடகையைத் தெளிவாகப் பேசுதல். எத்தனை கிலோ மீட்டர் அடக்கம், அதற்கு மேற்பட்டால் என்ன வீதம், காத்திருப்புக்கும் சாரதியின் சாப்பாட்டுக்கும் தனிக் காசுண்டா என்பவற்றை எழுத்திற் பெற்றுக்கொள்ள வேண்டும். காற்றும் கடலும் தடுத்தாற் கப்பல் ஒரு துறையை விட்டுச் செல்வதும் உண்டு. கப்பலார் தம் பயணத்துக்கு வாங்கிய பணத்தைத் திருப்புவர். வெளியாரிடம் கட்டிய முற்பணம் திரும்புமென்பது நிச்சயமில்லை. ஆகவே அன்றைய தினமே பணம் கொடுப்பதாகப் பேசுதல் நலம். ஏற்கனவே வந்துவிட்ட வண்டியை நம் காரணத்தால் திருப்பியனுப்பினால், அவருடைய எரிபொருட் செலவையேனும் கொடுத்தல் நியாயம்.

மூன்றாவது, மதிய உணவை வழியிலே சிறு சாப்பாட்டுக் கடையில் முடித்துக்கொள்ளுதல். சுற்றுலாப் பயணிகளுக்கென அமைந்த பெரிய விடுதிகளில் விலையும் அதிகம், தாமதமும் அதிகம்.

நான்காவது, கப்பலிற் பணம் மாற்றாது கரையில் வங்கியில் மாற்றுதல். கைத்தொலைபேசியைக் கடலிலே அடைத்து வைத்தலும் அவசியம். கப்பலின் செய்மதித் தொடர்பிலே தானாக இணைந்துகொண்டால், பயணம் முடிந்தபின் பெருந்தொகையோடு சிட்டை வந்து சேரும்.

ஐந்தாவது, விளம்பரத்திற் காணும் கட்டணத்தோடு துறைமுக வரி, சேவைக் கட்டணம், பானங்களின் விலை முதலியன அடங்கியுள்ளனவா என்று விசாரித்தல். பாடசாலை விடுமுறைக் காலத்தைத் தவிர்த்து, சாளரமில்லாத உள்ளறையை எடுத்தாலே கட்டணம் கணிசமாகக் குறையும். பகலெல்லாம் மேற்றளத்திலும் கரையிலும் கழிப்பவனுக்குச் சாளரம் எதற்கு? குடிவரவு அனுமதி பற்றிய விதிகள் அடிக்கடி மாறுவதால், அதனையும் பயணச்சீட்டு வாங்கும்போதே கேட்டுத் தெளிக.

மீரியபெத்த

இனி, இப்பயணத்தின் முடிவிடத்துக்கு வருவோம். கொஸ்லந்தையிலிருந்து மலைப்பக்கமாகச் செல்லும் ஒடுங்கிய தோட்டப் பாதையிலே மீரியபெத்தவை அடைய வேண்டும். வானைக் கடைவீதியில் நிறுத்திவிட்டு, ஊர்க்காரர் ஒருவரின் முச்சக்கர வண்டியிற் செல்வதே எளிது. அப்பணமும் அவ்வூர்க்கே சேரும்.

2014 ஒக்டோபர் 29 காலையிலே, தொடர்மழையால் ஊறிய மலை சரிந்து மீரியபெத்தத் தோட்டத்தின் லயங்களை மூடிற்று. சிலர் கொழுந்தெடுக்கப் போயிருந்தனர். பிள்ளைகள் சிலர் பாடசாலைக்குப் புறப்பட்டிருந்தனர். வீட்டிலிருந்தவர் பலர் மண்ணுள் மறைந்தனர். தேடியெடுக்கப்படாது அம்மண்ணிலேயே அடங்கியோரும் உளர். அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும், வேறிடத்தில் வீடமைத்து மக்களைக் குடியேற்றுதல் காலத்தில் நடைபெறவில்லை. தப்பியவர்கள் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்திலே ஏறக்குறைய இரண்டாண்டுகள் ஒதுங்கியிருந்து, 2016-இல் பூனாகலைப் பக்கத்திற் கட்டப்பட்ட 75 புது வீடுகளுக்குச் சென்றனர். எச்சரிக்கையை ஏட்டில் எழுதி வைத்தல் போதாது; போக்கிடமும் வேண்டும் என்பதே மீரியபெத்த நமக்குக் கற்பித்த பாடம். அப்பாடம் இன்னும் முற்றாகக் கற்கப்படவில்லை என்பதை மலைநாட்டின் சரிவுகளிலுள்ள பழைய லயக் காம்பராக்கள் சொல்லும.

இவ்விடத்தைக் காட்சிப் பொருளாகக் கொண்டு செல்லலாகாது. இறந்தோரின் உறவினர் இன்றும் அயலிலே வாழ்கின்றனர். அவர்களைக் கேளாது படம் பிடித்தலும், லயத்தினுள் எட்டிப் பார்த்தலும், பிள்ளைகளுக்குக் காசை வீசுதலும் தகாதன. ஒரு பிடி பூவோடு சென்று, சற்று நேரம் மௌனமாய் நின்று, பெரியவர் எவரேனும் பேச விரும்பினாற் கேட்டு, விடைபெற்றுத் திரும்புதலே முறை. பாட்டனார் வேலை செய்த தோட்டத்தின் பெயர், பிரிவு, பிறப்புப் பதிவு முதலியவற்றை எழுதிக்கொண்டு போனால், அம்முதியோர் பழைய குடும்பங்களை நினைவுகூர்ந்து வழிகாட்டவும் கூடும்.

சிக்கனமும் உலோபமும்

சிக்கனம் வேறு, உலோபம் வேறு. வீணான கட்டணத்தைத் தவிர்ப்பது சிக்கனம். உழைத்தவன் கூலியைக் குறைப்பது உலோபம். 2024 செப்டெம்பரில் அரசாங்கம் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாவாக நிர்ணயித்தது. கப்பலிலே ஒரு வேளை குளிர்பானத்துக்கும் சிற்றுண்டிக்கும் நாம் கொடுப்பது அதற்குக் குறைவாயிராது. அவ்வாறிருக்க, கொஸ்லந்தைக் கடைக்காரரிடமும் முச்சக்கர வண்டிக்காரரிடமும் ஐம்பது ரூபாவுக்காக வாதாடுதல் நமக்குப் பெருமையாகாது. மேற்கூறிய வழிகளாற் கப்பலிலும் வாடகையிலும் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை அம்மலையிலேயே விட்டு வருவோமாயின், அச்சிக்கனத்துக்கும் ஒரு பொருள் உண்டாகும். தேயிலை வாங்குவதாயினும் துறைமுகக் கடையில் வாங்காது ஊவாவிலேயே வாங்குக. பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பிகள் கொண்டு செல்ல விரும்புவோர், அவற்றை வீதியிற் பகிராது அதிபரிடம் ஒப்படைப்பாராக.

மாலை 5 மணிக்குக் கப்பலேறி மேற்றளத்தில் நிற்கும்போது, வானம் தெளிந்திருந்தால் வடக்கே நீல மலைகளின் வரம்பு மங்கலாகத் தோன்றக்கூடும். தகர வில்லையோடு கடல் கடந்து வந்து, கொழுந்து கூடையைச் சுமந்து, அம்மலைகளை நாடறியச் செய்தவர்கள் நம் முன்னோர். அவர்களுக்குத் திரும்பிப் பார்க்க ஒரு பகலும் கிடைத்ததில்லை. நமக்குக் கிடைத்த அவ்வாறரை மணி நேரத்தை அளந்து, அறிந்து, பயனுறச் செலவிடுவோமாக.